கட்டைவிரலுக்குக் கீழே வேறு பொருள்

உம்கோமாஸ் ஆற்றுமுகம், காலை ஆறே கால்.
ரப்பர் படகின் பட்டை வளையத்தில் கால் நுழைத்து
எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறோம்.
அலைகளுக்கு நடுவே ஒரு சந்து வருமென்று
பேருந்துக்கு நிற்பவனைப்போல் நிற்கிறான் படகோட்டி.

எனக்கு நாற்பத்தொன்பது வயது.
சாட்ஸ்வொர்த்தில் டயர்க் கடை.
போன மாதம் வரை கடல் என்பது
ஞாயிற்றுக்கிழமை பார்க்கிங் கிடைக்காத இடம்.

சலோஷ்னிக்கு முப்பத்தொன்று.
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை.
நானூற்றுச் சொச்சம் முறை மூழ்கி எழுந்தவள்.
எனக்கு இது ஐந்தாவது,
முதல் நான்கும் பயிற்சிக் கணக்கு.

பெயரைக் கேட்குமுன் என் இடுப்பைப் பார்த்தாள்.
"பட்டையில் எத்தனை கிலோ?"
பன்னிரண்டு என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.
உதட்டைப் பிதுக்கினாள்.
பிறகு ஒவ்வொன்றாய் இழுத்துப் பார்த்தாள்:
கொக்கி, குழாய், சிலிண்டர் வால்வு.
முழுக்கத் திறந்திருக்கிறதென்று
கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்திருப்பேன்.
அரைத் திருகுதான் திறந்திருந்தது.
எதுவும் சொல்லவில்லை. திருகினாள்.
அந்த எதுவும் சொல்லாமையை
என் கடைப் பையன்களுக்கு
நான் ஒருநாளும் கொடுத்ததில்லை.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
நாங்கள் காலை விடவில்லை,
மல்லாந்து முதுகை விட்டோம்.

கீழே
என் மூச்சுதான் பெரிய இரைச்சல்,
பாரம் ஏற்றிய பழைய லாரி மேட்டில் ஏறுவதாய்.
அவளிடமிருந்து எப்போதோ ஒரு குமிழிக்கொத்து.
பதினான்கு மீட்டர்.
மானியைப் பார் என்று இரண்டு தடவை சைகை செய்தாள்.
பார்க்காமலே விரலை வளைத்துச்
சரி, சரி என்றேன்.

ஏனென்றால் குகைவாயில் அவை இருந்தன.
வாய்க்குள் அடங்காத பல்வரிசையோடு
வாடகை வசூலிக்க வந்தவர்களைப்போல
அவசரமே இல்லாத மூன்று சுறாக்கள்.
ஒன்று திரும்பியது. அதன் கண்ணில்
நான் என்று ஒருவன் இல்லவே இல்லை.
அப்படியொரு நிம்மதி!
டயர் மாட்டி முடித்ததும்
வாடிக்கையாளருக்குக் காட்டும் அதே கட்டைவிரலை
உயர்த்தினேன்.

அடுத்த நொடி அவள் என் பக்கத்தில்.
தோள்பட்டையைப் பிடித்திருக்கிறாள்.
அவள் கட்டைவிரலும் மேலே.
அப்போதுதான் உறைத்தது,
இங்கே அதற்கு "அருமை" என்று பொருளில்லை.
"போதும், மேலே போவோம்."
ஏன் எதற்கென்று கேட்க
யாருக்கும் உரிமை இல்லாத ஒரே வாக்கியம்.

இல்லையில்லை என்று தலையை ஆட்டுகிறேன்.
நிறுத்தினாள். என் கண்ணாடிக்குள் உற்றுப் பார்த்தாள்.
சிரித்தாளா, அந்த ரப்பர் வாயில் எப்படித் தெரியும்?
என் மானியைத் தானே எடுத்துத் திருப்பிக் காட்டினாள்.
அறுபது.
பக்கத்தில் தன்னுடையதை வைத்தாள்.
நூற்றி முப்பது.
மறுபடி கட்டைவிரல்,
இந்த முறை இலக்கணச் சுத்தமாக.

மேலே வெளிச்சம்.
பாய்ந்து போய்விடத் துடிக்கிறது உடம்பு.
அவள் உள்ளங்கை கிடையாக: மெதுவாக.
உன் குமிழிகளை நீ முந்தக் கூடாது.
ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம்,
ரேஷன் வரிசையில் நிற்பதுபோல் தண்ணீரில் நின்றோம்.
எனக்கு மிதப்பு தவறி மேலே போகும்போதெல்லாம்
இரண்டு விரலால் அங்கியைப் பிடித்து
கொடியில் துணியை நேராக்குவதுபோல
இறக்கி விட்டாள்.

அவள் சுவாசிக்காத காற்று
அவள் முதுகிலேயே கரைக்கு வந்தது.
அதற்குள் எத்தனை குகை இருந்ததோ.

படகுத்துறையில் பீன்ஸ் பன்னி சௌ.
உப்பு விரலோடு ஆளுக்கொரு பதிவேடு.
"கண்டவை" என்ற கட்டத்தில் நான்
இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினேன்:
சுறா மூன்று, ஆமை, பெயர் தெரியாத நீலம்.
"நீ எத்தனை சுறா எண்ணினாய்?" என்றேன்.
"பார்க்கவில்லை அண்ணா" என்றாள், மென்றுகொண்டே.

கையெழுத்துக்காக அவள் ஏட்டை வாங்கியபோது
கண்ணில் பட்டது, அதே கட்டத்தில்:

"புது ஆள். காற்று வேகமாகக் குடிக்கிறார்.
பயமில்லை, அதுதான் பயம்.
அடுத்த சனி, இரண்டு கிலோ குறைக்க."