மூன்றாம் தடம்

கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி, இரவு இரண்டேகால்.
தார்ப்பாய்க் கயிறொன்று அறுந்து விழ
முனிரத்னா துள்ளினாள் பின்பக்கம்,
கிரானைட் ஏற்றிய பதினாறு சக்கரம்
வந்துகொண்டிருந்த பக்கம்.

மனுஷி ஆகுமுன்பே
மரக்கிளையில் கற்ற துள்ளல் அது.
பாம்பு தெரியும் அதற்கு.
லாரி நேற்று வந்தது.

பிரேக் கிறீச்சிட்டு
ஒரு முழம் தள்ளி நின்றது.

"அம்மோ" என்ற அலறல் தெலுங்கு.
டிரைவரைத் திட்டியதெல்லாம் நல்ல தருமபுரித் தமிழ்.
கை நடுக்கம் அடங்கியபின்
ரொக்கத்தை எண்ணினாள்,
தளிப் பள்ளிக்கூடம் உதட்டில் அசைய:
ஒந்து, எரடு, மூரு...

துள்ளியவளுக்கு மட்டும்
எந்த ஊர் என்று தெரியவில்லை.

இருபது ரூபாய் குறைந்தது.
மறுபடி எண்ணினாள்.

கயிற்றை நான்தான்
ஓரமாய்த் தள்ளினேன்,
குச்சியால்.