பஹாவ், செவ்வாய்ச் சந்தை

கரண்டு போனபோது
மீ கோரெங் பாதி வெந்திருந்தது.
முன்மேசையில் மூன்று பேர்
சண்டையின் நடுவில்:
செம்பனை ஆலை குலவேந்தி,
தையற்கடை ரொஸ்னானி,
டயர் பட்டறை ஆ லெக்.
இருட்டில் வாக்கியம் அறுந்து
கைகள் அந்தரத்தில் நின்றன.

காது கேட்கும் நாங்கள்
மூன்று மொழியிலும் கரண்டுக்காரனைத் திட்டினோம்.

ஆ லெக் எழுந்துபோய்
மோட்டார் விளக்கை மேசைப் பக்கம் திருப்பினான்.
தகரச் சுவரில் விரல்கள்
ஆள் உயரத்துக்கு எழுந்தன.
விட்ட இடத்திலிருந்தே குலவேந்தி:
முப்பது வெள்ளி.
எனக்குப் புரிவது எண்கள் மட்டும்.

ரொஸ்னானி சாட்சிக்கு என்னைக் கூப்பிட்டாள்,
தன் மணிக்கட்டில்
ஒரு விரலால் சுண்டி.

அதுதான் என் பெயராம்.

எண்ணெய் தெறித்த தழும்பு.
வீட்டில் ஒருவரும்
இதுவரை கேட்டதில்லை
அது எப்படி வந்ததென்று.