பதினோராவது திருகாணி

நாற்பத்திரண்டு உருப்படி, ஒரே பெட்டி, பதினெட்டு டாலர்.
போன வருடம் அப்படித்தான் ஏமாந்தேன்.
ஏப்ரலில் குளிர்காலச் சன்னலை இறக்கப் போனபோது
கூட்டல்குறி முனை
மிட்டாய்க் குச்சி மாதிரி முறுக்கிக்கொண்டது.
திருகாணியின் தலையில் குறி போய்
வழுவழுவென்று ஒரு கிண்ணம் மிச்சம்.
கோடை முழுக்க அந்தச் சன்னல் திறக்கவில்லை.

இந்தமுறை
கடையைக் கேட்குமுன் வீட்டைக் கேட்டேன்.

குளியலறைக் கதவின் கீலிலிருந்து ஒன்று,
தையல் எந்திரத்தின் அடித்தட்டிலிருந்து ஒன்று,
டோஸ்டர், சுவிட்சுப் பலகை,
லூசியனின் தூண்டில் சக்கரம்,
படிக்கட்டின் மூன்றாம் பலகை.
பழைய பெட்டியில் உயிரோடிருந்தவையும்
ஒரு வெண்ணெய்க் கத்தியும் உதவின.
ஜாம் பாட்டிலில் போட்டுக் குலுக்கினேன்.
பதினொன்று. கிலுகிலுப்பைச் சத்தம்.

ஷெடியாக்கில் அன்று முழங்கால் பனி.
ஆர்செனோ கடையில் சோயல்
காதில் பென்சிலோடு நின்றான்.
"செட்டா?" என்றான்.
"இல்லை. ஒவ்வொன்றாக" என்று
பாட்டிலை மேசையில் கவிழ்த்தேன்.
எனக்குப் பின்னால் உப்பு மூட்டையோடு நின்றவர்
மூட்டையைக் கீழே வைத்துவிட்டார்.

பொருத்தம் பார்க்கிற வேலை அவசரத்தில் ஆகாது.
முனையில் திருகாணியைச் செருகி
படுக்கைவாட்டில் நீட்டிப் பிடிக்க வேண்டும்.
விழுந்தால் வேண்டாம்.
ஆடினாலும் வேண்டாம்.
சதுரக் குழிக்காரன் அசையாமல் நின்றான்,
காந்தம் கிடையாது,
இடைவெளி இல்லை, அவ்வளவுதான்.
கழித்தல்குறிக்கு அகலம் முக்கியம்:
பள்ளத்தை விட ஒரு மயிரிழை குறைந்தால்
முழு வலுவும் இரண்டு மூலைகளில் ஏறும்,
மூலைகள் எவ்வளவு தாங்கும்?

பிடியை உறை போட்ட கையால் ஒருதரம்,
வெறுங்கையால் ஒருதரம்,
சோயல் கொடுத்த எண்ணெய்த் துணியைத் தொட்டு
இன்னொருதரம்.
மரப்பிடி அழகு; வழுக்கியது.
அழகை மாட்டிவிட்டு அடுத்ததை எடுத்தேன்.

சதுரத்தில் சிவப்பும் பச்சையும்,
கூட்டலில் இரண்டு, கழித்தலில் இரண்டு,
கடிகாரத்துக்கும் கண்ணாடிச் சட்டத்துக்கும்
விரல் நீளத்தில் ஒன்று.
ஏழு. தொண்ணூற்று நான்கு டாலர்.
உப்பு மூட்டைக்காரர் விசில் அடித்தார்,
விலைக்கா, பொறுமைக்கா, தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தால்
நண்டு ஆலையில் இரவு வேலை முடித்த லூசியன்
ஒரு கையில் பல்துலக்கி,
மறு கையில் குளியலறைக் கதவு.
கதவைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கேட்டான்:
"ஒடில், மரை கழண்டது வீட்டுக்கா, உனக்கா?"

சாயங்காலத்துக்குள் பத்தும் ஏறிவிட்டன.
இழைத்த பலகையில் ஏழு துளை போட்டு
ஏழையும் வேலைமேசைக்கு மேல் நிறுத்தினேன்.
பழைய பெட்டி பெயின்ட் டப்பா திறக்கப் போயிற்று,
அதற்கும் ஒரு ஆள் வேண்டுமே.
கிண்ணமாகிப்போன சன்னல் மட்டும்
ஏழில் எதற்கும் மசியவில்லை.
ரப்பர் பட்டையை இடையில் வைத்துத் திருகச் சொன்னான் சோயல்.
பட்டைதான் கிழிந்தது.

பதினோராவது:
பித்தளை, உருண்டைத் தலை,
பள்ளத்தில் துளி நீலச் சாயம்.
எங்கிருந்து கழற்றினேன்?
எங்கள் வீட்டில் நீலமாய் ஒன்றுமே இல்லை.
நாற்காலிகளைத் தலைகீழாக்கிப் பார்த்தேன்,
அலமாரியின் முதுகைப் பார்த்தேன்,
எல்லாம் திடமாய்த்தான் நிற்கின்றன.
விரல் நீளத் திருப்புளியை அதில் வைத்தேன்.
இம்மியும் ஆடவில்லை.
ஏழு பேரில் இப்படி ஒரு பொருத்தம்
வேறு எதற்கும் அமையவில்லை.

நீரிணையிலிருந்து காற்று எழும் இரவுகளில்
கீழே எங்கோ
ஏதோ ஒன்று, மிக மெல்ல, டிக் என்கிறது.
லூசியன் புரண்டு படுக்கிறான்.
நான் சின்னதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
விளக்குப் போடாமல் படியிறங்குகிறேன்,
மூன்றாம் பலகையைக் காலால் ஒருமுறை
அழுத்திப் பார்த்துவிட்டு.