பல்லுப்பாறையில் லைன் கிளியர்

ஆப்பக்கூடலுக்கு மேற்கே
பவானி ஓரிடத்தில்
வயிற்றை எக்கிக்கொண்டு போகும்.
இந்தப் பக்கம் பல்லுப்பாறை,
அந்தப் பக்கம் நாணல்,
நடுவே பதினெட்டடித் தண்ணீர்.
தூண்டில் நரம்பை வீசி அளந்திருக்கிறேன்.
பரிசலின் வாய் எட்டடி.
மீதிப் பத்தடிதான்
எனக்கும் கெளுத்திக்கும் உள்ள சொத்து.

முதல் செவ்வாய்க்கிழமை
மாதேசனின் துடுப்பில் நரம்பு சுற்றி
முள் அறுந்துபோனது.
"கண்ணு தெரியலீங்களா?" என்றேன்.
"ஆத்துக்குப் பட்டா வாங்கீட்டீங்களா?" என்றான்.
பரிசலில் இருந்த இரண்டு ஆடும்
தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்திருந்த டீச்சரும்
வளைவு திரும்பும்வரை
என்னையே பார்த்துக்கொண்டு போனார்கள்.

நான் மின்வாரியத்தில் லைன்மேன்.
லைன் கிளியர் வாங்காமல்
எந்தக் கம்பியையும் தொட்டதில்லை.
பதினேழு வருஷமாய்ப்
பத்து விரலும் இருப்பது அதனால்தான்.
ஆற்றில் அதை யாரிடம் வாங்குவது?

அடுத்த வாரம்
வளைவில் வரும்போதே
துடுப்புக் காம்பால் விளிம்பை
இரண்டு தட்டு தட்டினான்.
ஃபைபர் பரிசல்;
வெறும் பிளாஸ்டிக் குடம் மாதிரிச் சத்தம்.
நான் கோலின் நுனியைத்
தண்ணீருக்குள் தாழ்த்தினேன்.
நரம்பு அடியில் போய்ப் படுத்தது.
துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு
இழுப்புக்கு விட்டு
அதன்மேல் கடந்துபோனான்.
நானும் பார்க்கவில்லை, அவனும் பார்க்கவில்லை.

பிறகு பேச வேண்டியிருக்கவில்லை.
எதிர்நீச்சலில் ஏறி வருகையில்
பாறையை ஒட்டி வருவான்,
நான் காலை மடக்கிக்கொள்வேன்.
(ஒருமுறை ஒரு வெள்ளாடு
என் புழுப் பொட்டலத்தை மோந்துவிட்டு
தும்மியது.)
கடி விழுந்திருந்தால் இடக்கை தூக்குவேன்,
நாணலைப் பிடித்து நின்றுவிடுவான்.
கை ரொம்ப நேரம் மேலே நிற்கக் கூடாது.
அதையும் அவன் சொன்னதில்லை,
ஒரு இருமல், அவ்வளவுதான்.
போன பின்னால் நூற்று நாற்பது எண்ணுவேன்.
மீன்கள் அதற்குள்
மறந்துவிட்டுத் திரும்பும்.

பங்குனியில் ஒரு காலை
கோல் வளைந்தது.
வாளை.
ஒரே முறை புரண்டு காட்டியது,
வெள்ளி வயிறு, என் கை நீளம்.
அந்த நேரம் பார்த்து இரண்டு தட்டு.
இடக்கை தானாக மேலே போயிற்று.

மாதேசன் நாணலைப் பிடித்தான்.
பரிசல் சுற்றப் பார்த்தது, விடவில்லை,
முன்கையில் நரம்பு முறுக்கேறி நின்றது.
"ஏனுங்க, மணி ஒம்பதரை தாண்டிருச்சுங்கொ"
என்றாள் ஒரு அம்மாள்.
"சித்தெ பொறுங்கொ,
அவருக்கு மீன் மாட்டியிருக்குது."

அப்போதுதான் அந்தப் பிள்ளையைப் பார்த்தேன்.
மடியில் பரீட்சை அட்டை,
கிளிப்பில் ஹால் டிக்கெட்,
நனையாமலிருக்க அதன்மேல் பால் கவர்.
அவள் என்னைப் பார்க்கவில்லை.
உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது,
எதையோ மனப்பாடம்.

பரீட்சை நாளில்
கரண்டை நிறுத்தக் கூடாதென்று
எங்களுக்கு உத்தரவு வரும்.
ஆற்றுக்கு அப்படி யாரும்
ஓலை அனுப்புவதில்லை.

லீவு நாளிலும்
சட்டைப்பையில் கட்டிங் பிளேயர் இருக்கும்.
எடுத்தேன்.
நரம்பு அறுந்த சத்தம்
எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.
கோல் நிமிர்ந்து நின்றது,
கோபித்துக்கொண்ட மாதிரி.
கையை இறக்கினேன்.

நன்றியெல்லாம் சொல்லவில்லை.
நரம்பே இல்லாத தண்ணீரின்மேல்
துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு
சத்தமில்லாமல் கடந்துபோனான்.
பழக்கத்தில் நானும்
நூற்று நாற்பது எண்ணினேன்.

அன்று அவளுக்குக் கணக்கா, வேதியியலா
நான் கேட்கவில்லை.
வாளை எவ்வளவு இருந்ததென்று
அவனும் இதுவரை கேட்கவில்லை.
ஐந்து கிலோ இருக்கும்.
ஆறே இருக்கும்.