ஐந்தரைப் புள்ளி

காப்பீட்டு ஒழுங்குமுறைக் குழுவினருக்கு,
பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து கோகிலம் மூட்லி எழுதுவது.
முதலில் தமிழில் எழுதிப் பார்க்கிறேன்.
ஆங்கிலத்தில் எழுதினால் என் கோபம்
தானாகவே கோட்டு மாட்டிக்கொள்கிறது.

நான் அச்சுக்காரி.
டுசி ஆற்றுக்கு இரண்டு தெரு தள்ளிக் கடை.
கல்யாணப் பத்திரிகை, காவடி நோட்டீஸ்,
கருமாதி அட்டை,
வருஷத்துக்கு ஒருமுறை
ஒரு காப்பீட்டுக் கம்பெனியின் பாலிசிப் புத்தகம்,
நாலாயிரம் பிரதி.

பிரிவு இருபத்தேழை எனக்கு நன்றாகத் தெரியும்.
முப்பத்தோராம் பக்கம், அடியில்,
ஐந்தரைப் புள்ளி எழுத்து.
அந்த அளவில் மை ஒரு சொட்டு கூடினாலும்
எழுத்துகளின் கண் மூடிக்கொள்ளும்.
பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு கண்ணாகப் பார்த்தேன்.
பார்த்தேன், படிக்கவில்லை.
உருவம் என் பாடு,
அர்த்தம் வாடிக்கையாளர் பாடு
என்றுதான் முப்பது வருஷமாகத் தொழில்.

என் கடைக்கும் அதே கம்பெனிதான்.
நான் அடித்த புத்தகத்திலேயே ஒன்றை
என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு தந்தார்கள்.

மார்ச் மாதம், ஒரு செவ்வாய் இரவு.
மறுநாள் வந்த மதிப்பீட்டாளர்
முழங்கால் சேற்றில் நின்று கேட்டார்:
தண்ணீர் மேலிருந்து விழுந்ததா,
கீழிருந்து எழுந்ததா?
விழுந்தால் புயல், பணம் உண்டு.
எழுந்தால் வெள்ளம், இல்லை.
மேலே கூரைத் தகரம் கிழிந்திருந்தது.
கீழே சாக்கடை பொங்கியிருந்தது.
நடுவில் என் காகிதம் இரண்டையும் குடித்துவிட்டு
உப்பிக் கிடந்தது.
எந்த ரீம் எந்தத் தண்ணீரைக் குடித்ததென்று
ரீமைத்தான் கேட்கவேண்டும்.

கோர்ட்டுக்குப் போகிறேன் என்றேன்.
வக்கீல் சாக்ரென் பிள்ளை
முப்பத்தோராம் பக்கத்தைத் திருப்பினான்.
"கதவை இங்கேயே அடைத்துவிட்டார்கள், அக்கா."
அடைத்தது அவர்கள்.
அடித்தது நான்.

ஜோகன்னஸ்பர்க், ஒரு ஹோட்டலின் பதினோராம் மாடி.
நடுவரை அவர்கள் பட்டியலிலிருந்து அவர்களே எடுத்தார்கள்.
கூலியில் பாதி என் தலையில்.
கெட்ட மனுஷர் என்று சொல்லமாட்டேன்.
என் மகனின் பரீட்சையைக்கூட விசாரித்தார்.
ஆனால் அடுத்த வாரமும் அவருக்கு வேலை தரப்போகிறவர்
என் எதிரில் உட்கார்ந்திருந்தார்,
நான் ஒரே ஒருமுறை வந்தவள்.
மேஜையில் கண்ணாடிக் கூஜா நிறையத் தண்ணீர்.
அது எந்தத் திசையிலிருந்து வந்ததென்று
யாரும் கேட்கவில்லை.

தீர்ப்பு ஒன்பது வரி.
வெளியே சொல்லக்கூடாதாம்,
அதனால் சொல்லவில்லை.
என் இயந்திரத்தின் உருளையில்
துரு இன்னும் இருக்கிறது
என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஐயா, அம்மா,
நடுவரே வேண்டாம் என்பது என் மனு அல்ல.
கோர்ட்டிலும் தலை நரைக்கும், தெரியும்.
சண்டை வந்த பிறகு கேளுங்கள்,
எந்த வாசலுக்குப் போகிறாய் என்று.
மழைக்கு முன்னாலேயே குடையை எழுதி வாங்கிக்கொண்டு
நனைந்தவளிடம் கையெழுத்தைக் காட்டாதீர்கள்.
தராசு அவர்களுடையதென்றால்
படிக்கல்லாவது என்னுடையதாக இருக்கட்டும்.

இன்னொன்று, இது என் தொழில் சார்ந்தது.
பிரீமியத் தொகையைப் பதினாலு புள்ளியில்,
தடித்த எழுத்தில் அடிக்கச் சொல்கிறார்கள்.
பிரிவு இருபத்தேழையும் அதே அளவில்,
அதன் பக்கத்திலேயே அடிக்கச் சொல்லுங்கள்.
கணக்குப் போட்டுவிட்டேன்:
புத்தகத்துக்குப் பதினெட்டு சென்ட் கூடும்.
வேண்டுமானால் அதை நான் தள்ளுபடி செய்கிறேன்.

இந்த வருஷத்து ப்ரூஃப் நேற்று வந்தது.
எழுத்து இப்போது ஐந்து புள்ளி.
பாதிக் கூலி முன்பணம் என்கிறார்கள்.
துரு சுரண்ட அந்தப் பணம் போதும்.
இன்னும் பதில் சொல்லவில்லை.
பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துக்கொண்டு
முதல் முறையாகப் படிக்கிறேன்.

"தாங்கள் மனமுவந்து சம்மதித்தபடி"
என்று ஆரம்பிக்கிறது.