தொண்ணூற்றிரண்டு, நூற்றைந்து

எல் ஆல்டோவில் என் வண்டிக்குத் தொண்ணூற்றிரண்டு.
கீழே, காப்பிக்காடு தொடங்கும் கொரோய்க்கோவில், நூற்றைந்து.
நகத்தளவுப் பித்தளை, நடுவில் ஊசித்துளை;
துளையின் எண்ணைச் சொல்கிறேன்.
மாற்று ஜெட்டை மாத்திரை டப்பாவில் போட்டு
சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

மேலே காற்று மெலிவு, பெட்ரோலைக் குறை.
கீழே காற்று கனம், கூட்டு.
கார்பரேட்டர் படிப்பு இவ்வளவுதான்.
இதைக்கூட அது தானாகச் செய்யாது.
மலைக்கு மலை என்னை இறங்கச் சொல்லும்,
கிண்ணத்தைக் கழற்றச் சொல்லும்.
விறைத்த விரலில் பெட்ரோல் பட்டால்
எப்படிச் சுடும் தெரியுமா?

உனக்குத் தெரியாது, ஃப்ரோய்லான்.
உன்னுடையது இன்ஜெக்‌ஷன். முப்பத்தாறு தவணை.
பொத்தானைத் தொட்டால் போதும்.
இன்று விடுமுறை, நானும் வருகிறேன் என்றாய்.
என் பெட்டியில் பதினேழு மூக்குக்கண்ணாடி,
கொரோய்க்கோ கடைக்கு.

லா கும்ப்ரே கணவாயில்
என் வண்டி கறுப்பாகக் கக்கிக்கொண்டிருக்க
உன்னுடையது காற்றை மோந்து, கணக்குப் போட்டு,
முகத்தில் ஒன்றும் காட்டாமல் முணுமுணுத்தது.
"இன்னும் எத்தனை நாள் இந்த இருமலோடு குடித்தனம்?" என்றாய்.
சாராயத்தில் ஒரு மிடறு தரைக்குச் சிந்தினோம்,
இரண்டு வண்டிக்கும் முன்னால், பாரபட்சமில்லாமல்.

பங்கில் ஆறு மணி நேர வரிசை.
அதனால் பாதையோரம் கேனோடு நின்ற பையனிடம்
ஆளுக்கு ஐந்து லிட்டர்.
அதில் தண்ணீர் எவ்வளவு என்று
அவனும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

உந்துவாவிக்கு முன்பே என் வண்டி ஆரம்பித்தது.
முதலில் ஒரு விக்கல்.
வளைவில் இன்னொன்று.
ஒரு கிலோமீட்டர் முழுக்கப் புலம்பிவிட்டுத்தான் நின்றது.
கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்தினேன்.
தண்ணீர், மீன்கண் மாதிரி, உருண்டு உருண்டு விழுந்தது.
அப்புறம் வாசம் வந்தது. மூடினேன்.
நாலாவது உதையில் கிளம்பியது.
நீ கடிகாரத்தைப் பார்த்தபடி
சோளக்கதிர் தின்றுகொண்டிருந்தாய்.

உன் வண்டி விக்கவில்லை.
மூடுபனிக்குள் அவ்வளவு தூரமும்
எதையெதையோ சரிக்கட்டிக்கொண்டே வந்திருக்க வேண்டும்.
சுஸ்பிபாட்டா தாண்டி,
பேச்சை நடுவில் விட்டவன் போல,
நின்றது.
மஞ்சள் விளக்கு மட்டும் நீளமாய் இரண்டு, குட்டையாய் ஒன்று.
மறுபடி நீளமாய் இரண்டு.
விரல்விட்டு எண்ணினாய். இருபத்தொன்று.
இருபத்தொன்று என்றால்?
சிக்னல் இல்லை. புத்தகம் வீட்டில், பிரிட்ஜ் மேல்.
(இரண்டு நாள் கழித்து மெக்கானிக் சொன்னாள்:
அது வேறெதற்கோ உள்ள எண்.
அடைத்திருந்தது பம்பு.)

உதைக்கக் கிக்கர்கூட இல்லாத அந்த வண்டியை
நீ பார்த்த பார்வையில்
வாய்வரை வந்த கேலியை மடித்து உள்ளே வைத்தேன்.
முழுசாக இல்லை.
"ஒரு தடவை இருமிக் காட்டியிருக்கலாம்" என்றேன்.

எப்படியும் இறக்கம்தான்.
நியூட்ரலில் போட்டு உருண்டாய்.
நானும் சாவியைத் திருப்பி அணைத்தேன்;
ஏன் என்று நீ கேட்கவில்லை.
இன்ஜின் பிடிக்காத இறக்கத்தில் பிரேக் கருகி நாறியது.
இரண்டு இடத்தில் நிறுத்தி ஆறவைத்தோம்.
ஒரு சின்ன மேட்டில் உன்னுடையதை இருவரும் தள்ளினோம்,
திரும்பி வந்து என்னுடையதை.
மற்றபடி செயின் சத்தம், டயர்,
எங்கோ ஓர் அருவி.

பனி விலகி முதல் வாழை தெரிந்த வளைவில்
சாலையைப் பார்த்தபடியே சொன்னாய்:
"பிப்ரவரியிலேயே வேலை போய்விட்டது."

பிப்ரவரி. இது ஜூன்.
தினமும் ஆறரைக்குப் பொத்தானைத் தொட்டு
ஒரே சீராகக் கிளம்பிப் போனாயே,
எங்கே?

கேட்கவில்லை.
காற்று கனத்துக்கொண்டே வந்தது, காது அடைத்தது.
சதுக்கத்தில் நிறுத்தி, கண்ணாடிகளை எண்ணிக் கொடுத்து,
கிக்கரில் கால் வைத்தபோதுதான் நினைவு வந்தது:
ஜெட்டை மாற்றவே இல்லை,
இன்னும் தொண்ணூற்றிரண்டிலேயே இருக்கிறேன்.