பதினோரு நிமிஷம்

முதுநகர் ஐஸ் கம்பெனியில்
ஒரு லாரி போய் அடுத்தது வர
பதினோரு நிமிஷம்.
அதற்குள் முடிகிற படமாகத் தேடுவேன்.
காசு கேட்டால் வெளியே வந்துவிடுவேன்,
ஈமெயில் கேட்டாலும்.

இப்படித்தான் பார்த்தேன்
பனியில் வாத்து மேய்ப்பவளை,
கடிகாரம் பழுது பார்க்கும் இரட்டையர்களை
(ஆறே நிமிஷம், இரண்டு தடவை பார்த்தேன்).

நேற்று ராத்திரி இரண்டே காலுக்கு
தலைப்பு புரியாத ஒன்று.
முப்பத்தெட்டு பேர் பார்த்தது.
திறந்தால் நம்ம உப்பனாறு, நம்ம மெஷின்,
கட்டியை உடைத்தபடி சவுரியப்பன்.

"யோவ், வாய்யா இங்கே."
ஈரக்கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வந்தான்.
படத்தில் கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறான்.
அதன்மேல் ஒரு பெண்குரல், பிரெஞ்சில்.
அவன் தமிழ் அடியில் கிடக்கிறது,
ஐஸுக்குள் மீன் மாதிரி
கொஞ்சம் வால், கொஞ்சம் கண்.

"என்னய்யா சொன்னே?"
"நாலு வருஷமாச்சு. யாருக்கு ஞாபகம்?"

ஒலியைக் கூட்டினேன்.
கூலி என்பது போல் ஒரு சொல்.
குளிராகவும் இருக்கலாம்.

"பார்க்கக் காசு உண்டா?"
"இல்லை."
"எனக்கும் தரலை" என்று சம்மட்டியை எடுத்தான்.

வெளியே ஹாரன். பாண்டி வண்டி.
டிரைவரின் மாமனாருக்கு
பிரெஞ்சு பென்ஷன் வருகிறது.
இறங்கட்டும்.